ஜாக்கெட் பிட்டுகளில் போர்வை: 40 இன்ச் வரும் என்று தைத்தது 30 இன்ச்சில் நிற்கிறது

செண்பகத்தோப்பு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அம்மா 31 வருடமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். போன மாசியில் கண்ணில் புரை எடுத்த பிறகு தையலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அப்போதுதான் கட்டிலுக்கு அடியில் இருந்த மூட்டைகளை வெளியே இழுத்தோம். 25 கிலோ அரிசிப் பை மூன்று. மூன்றிலும் பிட்டுத் துணி. உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை. அதற்கு மேல் இருந்திருந்தால் அம்மா எப்போதோ அதைப் பட்டி வைக்கவோ குழந்தைச் சட்டைக்குப் பை வைக்கவோ எடுத்திருப்பார். கழுத்து வெட்டிய பிறைகள், கைக்குழியில் விழுந்த ஒல்லி வளைவுகள், ஓரம் சீராக்கும்போது விழுந்த விரல் அகல நாடாக்கள், இவைதான் அதிகம்.

தூக்கிப் போட அம்மாவுக்கு மனம் வரவில்லை, எனக்கும்தான். மிளகாய்ச் சிவப்பில் ஒரு துண்டை எடுத்தால், "இது தபால்காரர் வீட்டு மருமகள் வளைகாப்புக்குத் தைத்தது, கையை மட்டும் ரெண்டு தடவை பிரிச்சேன்" என்கிறார். எங்கள் தெருவின் முப்பது வருடமும் அந்த மூட்டைகளில் கிடக்கிறது.

மகள் ஜூன் மாதம் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். அவளுக்கு இதிலேயே ஒரு போர்வை தைத்துக் கொடுக்க ஆசை. நான் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தையல் என்றால் சேலைக்கு ஃபால்ஸ் வைப்பேன், ஓரம் அடிப்பேன், அவ்வளவுதான். வீடியோ பார்த்து, கல்யாணப் பத்திரிகை அட்டையில் 2 இன்ச்சுக்கு 2 இன்ச் சதுரம் ஒன்று வெட்டி, அதை வைத்து 400 சதுரம் வெட்டினேன். பதினோரு ராத்திரி ஆனது. வரிசைக்கு 20, மொத்தம் 20 வரிசை. 40 இன்ச் வரும் என்று நினைத்துத் தைத்தேன். அளந்தால் 30 இன்ச் சொச்சம்தான். நாலு ஓரமும் அலை அலையாக நெளிகிறது. தையல்கள் சந்திக்கும் இடத்தில் கனம் தாங்காமல் இரண்டு ஊசி முறிந்தது. சரி, துவைத்தால் படியும் என்று தண்ணீரில் போட்டேன். மெரூன் சாயம் இறங்கி, பக்கத்தில் இருந்த சந்தன நிறத் துண்டுகள் எல்லாம் ரோஸ் ஆகிவிட்டன.

அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்ல துணியை வெட்டி, வெட்டினதை மறுபடி ஒட்டி, இருந்ததில் பாதியைக் காணோமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

இந்த மாதிரிப் பொடிப் பிட்டில் போர்வை தைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சதுரமாக வெட்டித்தான் ஆகவேண்டுமா? கட்டைவிரல் அளவுத் துண்டுகளை என்ன செய்வது? ஏற்கெனவே தைத்ததைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? எங்களிடம் இருப்பது பழைய கறுப்புக் கால் மிஷின் ஒன்றுதான்.

கட்டிங் டேபிள், திருப்பூர்

வணக்கம்ங்க அக்கா. நான் 12 வருடமாக பனியன் கம்பெனியில் கட்டிங் பார்க்கிறேன். போர்வை தைத்த அனுபவம் எனக்குக் கிடையாது. துணியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன்.

மூட்டைக்குள் பனியன் துணி, லெக்கின்ஸ் துணி மாதிரி இழுத்தால் நீளுகிற பிட் இருந்தால் முதலில் அதைத் தனியாக எடுத்துவிடுங்கள். பனியன் துணி நெய்ததல்ல, பின்னியது. நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் மிஷினுக்கு அடியில் போகும்போதே அது நீண்டுகொண்டு போகும், தைத்து எடுத்தால் நெளியும். நெளிவுக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்கள் ஊரில் கட்டிங் வேஸ்டை நிறம் பிரித்து எடைக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். பஞ்சாக்கித் திரும்ப நூல் போடும் மில்கள் இருக்கின்றன. ஒரே ரகம், ஒரே நிறம், மொத்தமாக இருப்பதால் அது நடக்கிறது. உங்கள் மூட்டை பாப்ளின், சில்க், பாலியஸ்டர் எல்லாம் கலந்தது, அப்படி விற்க வழி இல்லை. அதனால் நீங்கள் தைக்க நினைத்ததுதான் சரி. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

குடந்தை தையல் டீச்சர்

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 27 வருடம் தையல் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவள் நான். வகுப்பு முடிந்து பெண்கள் போன பிறகு தரையைப் பெருக்கினால் தினமும் ஒரு முறம் பிட் சேரும். அதை வைத்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். 1994இல் முடித்த முதல் போர்வை இன்றும் என் கட்டிலில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உங்கள் அம்மா சொன்னது கணக்குப்படியே சரி. 2 இன்ச் சதுரத்தின் பரப்பு 4 சதுர இன்ச். நாலு பக்கமும் கால் இன்ச் தையலுக்குள் போனால் வெளியே தெரிவது ஒன்றரைக்கு ஒன்றரை, அதாவது 2.25. ஒவ்வொரு துண்டிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே மறைந்துவிட்டது. 400 துண்டுக்கு 1600 சதுர இன்ச் வெட்டினீர்கள், வெளியே நிற்பது 900. துண்டு சிறிதாக ஆக இந்த நஷ்டம் கூடும். ஒன்றரை இன்ச் சதுரத்தில் பாதிக்கு மேல் போகும். ஒரு இன்ச் சதுரத்தில் முக்கால் பங்கு போய், தெரிவது அரை இன்ச்தான். சதுரமாக்க வெட்டி எறிந்தது இதில் சேரவில்லை. இதற்குத்தான் பொடிப் பிட்டைச் சதுரமாக வெட்டாதீர்கள் என்கிறேன். வந்த உருவத்திலேயே தைக்க வேண்டும்.

அடுத்தது நெளிவு. ஜாக்கெட் பிட் எல்லாம் வளைவு வெட்டில் விழுந்தவை. உங்கள் அட்டையை அதன்மேல் எப்படி வைத்தால் கொள்ளுமோ அப்படி வைத்து வெட்டியிருப்பீர்கள். பாவு, ஊடை, அதாவது நெட்டு நூலும் குறுக்கு நூலும், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்திருக்க முடியாது. கிராஸில், அதாவது நூல் ஓட்டத்துக்குச் சாய்வாக விழுந்த துணி, விரலால் தொட்டாலே இழுபடும். அப்படிப்பட்டது 400இல் பாதி இருந்தாலும் போதும், ஓரம் நெளியத்தான் செய்யும். கை சரியில்லை என்று நினைக்காதீர்கள்.

இரண்டுக்கும் ஒரே மருந்து அடித்துணி. உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆன பழைய வேட்டி வீட்டில் இருக்கும் அல்லவா? அதில் 11 இன்ச் சதுரங்கள் வெட்டுங்கள். ஒரு எட்டு முழ வேட்டியில் ஐம்பது வரை தேறும். குறைந்தால் பழைய தலையணை உறையைச் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு பிட்டை நல்ல பக்கம் மேலே தெரிய வையுங்கள். அதன் ஒரு ஓரத்தில் இரண்டாவது பிட்டை, நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்கும்படி கவிழ்த்து வைத்து, அடித்துணியோடு சேர்த்து ஒரு தையல் ஓட்டுங்கள். இரண்டாவதைத் திருப்பி விரித்து நகத்தால் அழுத்திக் கீறுங்கள். துருத்திக்கொண்டிருப்பதை நறுக்குங்கள். அடுத்த பிட்டை இந்த இரண்டின் ஓரத்தையும் மூடுகிற மாதிரி வைத்து அதேபோல் தையுங்கள். இப்படியே சுற்றிக்கொண்டே போனால் வேட்டித் துண்டு முழுக்க மூடிவிடும். பிறகு கவிழ்த்துப் போட்டு, அடித்துணியை அளந்து பத்தரைக்குப் பத்தரை வெட்டுங்கள், அது ஒரு கட்டம். பிட்டுகளை அளவு பார்த்து வெட்டும் ஒரே இடம் அதுதான். பாரம் முழுவதையும் வேட்டி தாங்குவதால் மேலே கிராஸ் பிட் இருந்தாலும் இழுபடாது.

பிட்டுக்கு ஒரு பக்கம் நேராக இருந்தால் போதும். கழுத்துப் பிறையை மூன்றாக நறுக்கினால் மூன்று நேர்பக்கம் கிடைத்துவிடும். கைக்குழி வளைவை அப்படியே வைத்து, உள்வளைவை அடுத்த துண்டு மூடிக்கொள்ளட்டும். அகலம் ஒன்றேகால் இன்ச் இருந்தால்தான் எடுங்கள். அதற்குக் கீழே தையலும் தையலும் முட்டிக்கொண்டு கல் மாதிரி ஆகும், உங்கள் ஊசி முறிந்ததும் சந்திப்பில் இப்படித் தையல் சேர்ந்த கனத்தால்தான். கட்டைவிரல் அளவுள்ளதைத் தலையணைக்குள் அடைத்துவிடுங்கள். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, என் வீட்டுத் திண்ணைத் திண்டு முழுக்க அதுதான்.

எங்கள் வகுப்பில் வேட்டிக்கு வழியில்லாத காலத்தில் தினசரிக் காலண்டர் தாளை அடித்துணியாக வைத்தோம். செய்தித்தாளை வைத்தால் வெள்ளைத் துணியில் மை ஏறும். காலண்டர் தாளில் அந்தத் தொல்லை குறைவு, மெல்லியதும்கூட. தையலைப் பொடியாக வைத்துக்கொண்டால் ஓட்டை நெருக்கமாக விழுந்து, கடைசியில் தாள் தபால் தலை மாதிரிக் கிழிந்து வரும். என் போர்வையில் ஒரு கட்டத்துத் தாளைக் கிழிக்க மறந்துவிட்டேன். கையால் தடவினால் அந்த இடம் மட்டும் இன்றும் சரசரக்கும். ஆனால் தாளைக் கிழித்த பிறகு பிட்டுகளைத் தாங்க எதுவும் கிடையாது. கிராஸ் பிட் இவ்வளவு இருக்கும் உங்களுக்கு வேட்டிதான் நல்லது.

தைக்கும் முன் செய்ய வேண்டியது, பிரிப்பது. சந்தேகமுள்ள பிட்டில் இரண்டு நூல் உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி தாள் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறிய பிறகு மணிபோல் கெட்டியாக நிற்கும். பட்டு எரிந்தால் முடி கருகும் வாசனை வரும். முதல் போர்வைக்குப் பருத்தி மட்டும் எடுங்கள். 1994இல் ஆசைப்பட்டு நாலைந்து பட்டுத் துண்டு சேர்த்தேன். அவை ஆறே வருடத்தில் மடிப்போடு மடிப்பாகக் கீறிவிட்டன. பக்கத்தில் இருந்த சாதாரண லைனிங் பாப்ளின் இன்றும் அசையாமல் இருக்கிறது. கீறிய இடங்களை ஒவ்வொன்றாக மூடி மூடித் தைத்தேன்.

அப்புறம் சாயம். சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றையும் தனித்தனியாக ஊறவைத்து, தண்ணீர் தெளிகிறவரை அலசுங்கள். காய்ந்த பிறகு ஈரமான வெள்ளைத் துணியைப் பிட்டின்மேல் வைத்துச் சூடாகத் தேயுங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தப் பிட் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்கிறோம். இங்கே கந்தையாவதற்கு முன்பே கசக்க வேண்டும்.

உங்கள் ரோஸ் ஆன 30 இன்ச் சதுரத்தைப் பிரித்துவிடாதீர்கள், அம்மா. இஸ்திரி போட்டீர்களா? போடவில்லை என்றால் நிறையத் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு அலசிப் பாருங்கள், கொஞ்சம் வெளுக்கும். முழுக்கப் போகாவிட்டாலும் பரவாயில்லை. தனிக் கட்டில் போர்வை 60க்கு 90 இன்ச். பத்தரை இன்ச் கட்டம் சேர்த்துத் தைத்ததும் 10 இன்ச் ஆகும், அப்படியானால் குறுக்கே 6, நீளத்துக்கு 9, மொத்தம் 54. உங்கள் சதுரம் தையல் ஓரத்தோடு முப்பதரை இருக்குமே? அது மூன்று கட்டத்துக்கு மூன்று கட்டம், சரியாக ஒன்பது கட்டத்தின் இடம். பின்னால் வேட்டித் துணி ஒன்று வைத்து, நெளிவைத் தடவிப் பரப்பி, நாலு ஓரமும் ஓட்டுத் தையல் போட்டால் அடங்கும். அதைப் போர்வையில் வையுங்கள். இனி தைக்க வேண்டியது 45தான்.

கட்டங்களை ஒன்றோடொன்று சேர்க்கும்போது மட்டும் தையல் ஓரத்தை இரண்டு பக்கமும் விரித்துத் தேயுங்கள், ஒரே பக்கம் சாய்க்க வேண்டாம். 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள். சந்திப்பு வரும்போது மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். நூலுக்கு நிறம் தேட வேண்டாம், சாம்பல் நிற நூல் ஒரு பெரிய கோன் வாங்கினால் எல்லா நிறத்தோடும் அடங்கிப்போகும்.

உள்ளே பஞ்சு வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நம் வெயிலுக்கு வேண்டாம். இலவம்பஞ்சு வைத்தால் துவைத்ததும் உருண்டுகொள்ளும். கீழே ஒரு பழைய நூல் சேலை, அது போதும். ஆனால் மேலும் கீழும் நாலு விரல் இடைவெளிக்கு ஒரு இடத்தில் சேர்த்துப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சேலை தனியாகத் தொங்கும். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூல் உருவி, முழுக்க முழுக்க ஓட்டுத் தையல் ஓட்டுவார்கள். காந்தா என்பது அதுதான். உங்களுக்கு நேரமில்லை. தடித்த நூலில் கட்டத்துக்கு நாலு முடிச்சுப் போட்டால் போதும்.

செண்பகத்தோப்பு

டீச்சர், படித்ததும் கண் கலங்கிவிட்டது. நான் அதைச் சுருட்டி மூட்டைக்குள்ளேயே திருப்பிப் போட்டிருந்தேன். இஸ்திரி போடவில்லை. இப்போதே எடுத்து ஊறவைத்துவிட்டேன்.

அம்மாவிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். "வேட்டியில ஒட்டு வைக்கிறதா, அது நல்ல யோசனை" என்றார். ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார். அவருக்கு மிஷினில் குனிந்து உட்கார்ந்தால் இப்போது கழுத்து வலிக்கிறது. கையால் மட்டும் இதைத் தைக்க முடியுமா? அவரும் ஒரு பங்கு செய்ய நினைக்கிறார்.

ஹூப்ளித் தமிழ்

அம்மா கேட்டதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கணவருக்கு ரயில்வேயில் வேலை, 14 வருடமாக ஹூப்ளியில் இருக்கிறோம். இங்கிருந்து எல்லாப்பூர், ஹலியால் பக்கம் போனால் காட்டோரக் கிராமங்களில் சித்தி என்ற சமூகத்தினர் இருக்கிறார்கள். முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், கோவாவில் போர்த்துகீசியரிடம் அடிமைப்பட்டு, தப்பி மலைக்கு வந்தவர்கள் பலர். அந்தப் பெண்கள் கையாலேயே தைக்கும் ஒட்டுப் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். வீட்டு வேலைக்கு வந்த அம்மாவின் உறவுக்காரர் ஒருவர் தைப்பதை ஒரு முழு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

கட்டம் கட்டமாகத் தைத்துச் சேர்ப்பதே இல்லை. தரையில் ஒரு நூல் சேலையை விரித்துக்கொள்கிறார். ஒரு மூலையில் ஆரம்பிக்கிறார். துண்டை எடுத்து, ஓரத்தை ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் உள்ளே மடித்து, நகத்தால் கீறி, சேலைமேல் வைத்து ஓட்டுத் தையல் போடுகிறார். அடுத்த துண்டு அதன் விளிம்பில் ஏறி உட்காருகிறது. நாலு ஓரத்தையும் ஒட்டியே சுற்றி வந்து, சுற்றுச் சுற்றாக உள்ளே போய், கடைசியில் நடுவில் முடிக்கிறார். தையல் ஒவ்வொன்றும் சேலை வரை இறங்குவதால், ஒட்டு வைப்பதும் அடுக்குகளைப் பிடிப்பதும் ஒரே வேலையாக முடிந்துவிடுகிறது. முடிச்சும் வேண்டாம், தனியாக ஓரம் மடிக்கவும் வேண்டாம். ஊசி ஒன்று, நூல் ஒன்று, காலை நீட்டி உட்கார இடம் இருந்தால் போதும். கழுத்து வலிக்குச் சுவரில் சாய்ந்துகொண்டே தைக்கலாம்.

மடிப்பில் நாலு பக்கமும் போவதால், டீச்சர் சொன்ன கணக்கு இங்கேயும் உண்டு. மூன்று இன்ச்சுக்குக் கீழே உள்ளதை அவர்கள் ஒட்டாக வைப்பதில்லை என்று பார்த்தேன். ஆனால் பெரிய ஒட்டின்மேல் பளிச்சென்று சின்னச் சதுரம் ஒன்று மேலே பூட்டுகிறார்கள். இரண்டு இன்ச் பிட்டுக்கு நல்ல இடம் அது.

கடைசியாக நாலு மூலையிலும், துணியை முக்கோணமாக மடித்து மடித்து அடுக்கி வைத்துத் தைக்கிறார்கள். அதற்குப் பூ என்று பெயர், அவர்கள் பேச்சில் ஃபுலா. அது வைக்காத போர்வையை அவர்கள் முடிந்ததாக எண்ணுவதில்லை. மடித்த துணியின் கனம் எல்லாம் அந்த மூலையில் சேர்ந்து, கையில் பிடித்தால் ஒரு பொத்தான் மாதிரி நிற்கும். உங்கள் அம்மாவின் பங்கு இதுவாக இருக்கலாமே. நாலே மூலை, பொடிப் பிட்டும் கொஞ்சம் தீரும்.

குடந்தை தையல் டீச்சர்

ஹூப்ளி அம்மா சொன்னது அருமை. மடித்துக் கீறும் அந்த விரல் வேலையை இங்கே தேர்த் தொம்பை தைக்கிறவர்களிடம் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் தேருக்குத் தொங்கவிடும் அந்தச் சீலைகளில் யாளியும் பூவும் எல்லாம் துணியை வெட்டி ஒட்டித் தைத்தவைதான்.

செண்பகம், ஒன்று மட்டும் கவனியுங்கள். அம்மா கைத்தையல் போடும்போது நூலை இறுக்கி இழுக்க வேண்டாம். 30 வருடம் மிஷினில் பழகிய கை இறுக்கிப் பிடிக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. இறுக்கினால் துணி சுருங்கி, துவைத்த பிறகு இன்னும் சுருங்கும். ஊசியில் மூன்று நாலு தையல் சேர்த்து எடுத்து, இழுத்த பிறகு விரலால் துணியை ஒருமுறை நீவிவிடச் சொல்லுங்கள்.

புரை எடுத்த கண் என்பதால் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் மட்டும் தைக்கட்டும்.

ஹூஸ்டன்வாசி

தாமதமாகப் பார்க்கிறேன். அலபாமாவில் ஒரு ஆற்று வளைவுக்குள் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் உழைத்துத் தேய்ந்த வேலை உடுப்புகளை வெட்டிப் போர்வை தைத்துவந்தார்கள். அந்தப் பகுதிப் பெண்கள் 1966இல் கூட்டுறவாகத் தைக்கத் தொடங்கினார்கள். 1972இல் ஒரு பெரிய கடைக்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைத்துக்கொடுக்கும் வேலை கிடைத்தது. அதில் விழுந்த பிட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் போர்வையாக்கினார்கள். பிறர் துணியைத் தைத்ததில் விழுந்தது, உங்கள் அம்மாவின் மூட்டை போலத்தான். 2002இல் எங்கள் ஊர் நுண்கலை அருங்காட்சியகத்தில் அந்த ஊர்ப் போர்வைகளைச் சுவரில் மாட்டினார்கள். 2006இல் அவை தபால் தலையிலும் வந்தன. படங்களைத் தேடிப் பாருங்கள். ஓரம் கோணும், கோடு வளையும், ஆனால் கண் நகராது.

இங்கே தைக்கும் பெண்கள் சொல்லிக்கொடுத்த ஒரு வழக்கம், அம்மாவுக்கு உதவும். ஜாக்கெட் தைக்கும்போது ஒரு தையல் முடிந்ததும் நூலை அறுக்காமல், பக்கத்தில் தயாராக வைத்திருக்கும் இரண்டு பிட்டைச் சேர்த்து மிஷினுக்குள் விடுங்கள். அவை ஓடி முடிந்ததும் அடுத்த ஜாக்கெட் துண்டை விடலாம். ஒவ்வொரு முறையும் நூல் இழுத்து அறுக்கும் வீண் இல்லை. தனியாக நேரம் ஒதுக்காமலே வாரத்துக்கு நூறு ஜோடி சேர்ந்துவிடும். அந்த ஜோடிகளை அடித்துணியில் வைத்தால் கட்டம் பாதி நேரத்தில் நிறையும்.

செண்பகத்தோப்பு

எல்லோருக்கும் கணக்கு ஒப்படைக்க வந்திருக்கிறேன். நேற்றுதான் முடிந்தது.

45 கட்டத்துக்கு ஏழரை வாரம் ஆனது. தினமும் ராத்திரி ஒன்று, ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை. அப்பாவின் எட்டு முழ வேட்டி ஒன்றும், மிச்சத்துக்கு இரண்டு தலையணை உறையும். தொடங்கும் முன் பிட்டை எடை போட்டு வைத்திருந்தேன், முடிந்த பிறகு மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ நானூறு கிராம் போயிருக்கிறது. மூட்டையைப் பார்த்தால் குறைந்ததே தெரியவில்லை. ஊசி ஒன்றுகூட முறியவில்லை, டீச்சர். சந்திப்பில் கையால்தான் சுற்றினேன்.

சதுரத்தின் ரோஸ் பாதிதான் வெளுத்தது. மூன்று கட்டத்துக்கு மூன்று கட்டம் வைத்துப் பார்த்தபோது ஒரு நூல் அளவு மட்டும் நீளமாக இருந்தது, நீவிவிட்டதும் பொருந்திவிட்டது. நடுவில் வைக்க நினைத்தேன். அம்மா ஒரு ஓரமாக, தலைமாட்டுப் பக்கம் வைக்கச் சொன்னார். படுத்தால் முகத்துக்குப் பக்கத்தில் வரும், பொடிப் பொடித் துண்டாக இருப்பதால் பார்த்துக்கொண்டே தூங்கலாம் என்றார்.

கீழே வைத்தது அம்மாவின் சுங்குடிச் சேலை. முடிச்செல்லாம் நான் போட்டேன். நாலு மூலைப் பூவும் அம்மா. முதல் பூவை மூன்று தடவை பிரித்தார், இறுக்கமாகிவிட்டது என்று. நாலாவது பூ வரும்போது நீங்கள் சொன்ன மாதிரி விரலால் நீவிவிடும் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு பூவிலும் பன்னிரண்டு மடிப்பு. மிளகாய்ச் சிவப்பைத் தண்ணீர் தெளிகிறவரை ஆறு தடவை அலசி, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்து, கறை ஏறவில்லை என்று உறுதியான பிறகு, அதை நாலு மூலையிலும் நடுமடிப்பாக வைத்திருக்கிறார். தபால்காரர் வீட்டு மருமகள் நேற்று பார்த்துவிட்டு, அந்த வளைகாப்புப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு எழுதியிருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் கட்டிலில் விரித்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு துண்டாகத் தொட்டு, "இது யாரோடது ஆச்சி?" என்று கேட்டாள். 63 துண்டுக்கு அம்மா ஆள் சொன்னார். நான் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் வரைந்து எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். மிச்சத்தை நாளைக்கு வெளிச்சத்தில் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

தீயில் காட்டிப் பிரித்ததில் பட்டும் சாட்டினும் தனியாக ஒரு மூட்டை நிறைந்துவிட்டது. டீச்சர், ஆறு வருடத்தில் கீறிவிடும் என்றீர்கள். போர்வையாக இல்லாமல், துவைக்கத் தேவையில்லாத வேறு எதற்காவது அதைத் தைக்கலாமா?